தண்ணீர் ஊற்றியே கொல்லாதீர்கள்!
ஆர்க்கிட் வளர்ப்போருக்கும் விற்போருக்கும் சில யோசனைகள்

"அண்ணாச்சி, செத்த செடியை என் தலையில கட்டிட்டீங்களே!"

கடை வாசலில் நின்று ஒரு அம்மையார் இப்படிக் கேட்டபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் கையில், மூன்று வாரங்களுக்கு முன் நான் விற்ற ஆர்க்கிட் தொட்டி. இலைகள் மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. சரக்கு வாங்க வந்த நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படிம்மா தண்ணி ஊத்துனீங்க?"

"காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. ஒரு நாள்கூட விட்டதில்ல."

கோளாறு எங்கே என்று அப்போதே புரிந்துவிட்டது. அவர் மீது தவறில்லை. விற்ற அன்று ஒரு வார்த்தை சொல்லாமல் காசை வாங்கிக் கல்லாவில் போட்ட என் மீதுதான் தவறு. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கே விவரம் தெரியாது. விதை, உரம் விற்கும் கடையில் புதிதாக ஒரு சரக்கைச் சேர்த்தோம், அழகாக இருக்கிறது, விற்கும் என்ற அளவில்தான் என் அறிவு இருந்தது. வேறு தொட்டி கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, பிறகுதான் இந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அதை வணிக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண் வேண்டாத செடி

பள்ளிக்கூடத்தில் தொற்றுத் தாவரத்துக்கு உதாரணமாக 'வாண்டா' என்று படித்திருப்போம். அது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் விற்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் வகைகள். மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டுமே கேட்கின்றன. மழை பெய்தால் வேர் நனையும், காற்று அடித்தால் காய்ந்துவிடும். நனைவதும் காய்வதுமாக வாழ்ந்து பழகிய வேர் அது. வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. தண்ணீரை அது சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த வேரை ஈர மண்ணில் புதைத்தால் காற்று கிடைக்காமல் மூச்சு முட்டி அழுகிவிடும்.

இந்தப் பாடத்தைக் கற்க இங்கிலாந்துக்காரர்களுக்கே பல காலம் பிடித்தது. 1800களின் தொடக்கத்தில் வெப்ப நாடுகளிலிருந்து ஏராளமான ஆர்க்கிட்களைக் கொண்டுபோய், காற்றுப் புகாத, புழுக்கமான கண்ணாடி வீடுகளில் அடைத்தார்கள். பெரும்பாலானவை மடிந்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டப் பொறுப்பாளர் ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் காற்றோட்டம் கொடுத்து வளர்த்த பிறகே செடிகள் பிழைத்தன.

எந்த ஊருக்கு எந்தச் செடி?

ஆர்க்கிட் என்றாலே ஒரே சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. உலகில் 25,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. புதிதாகத் தொடங்குவோர் மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

டென்ட்ரோபியம்: கரும்பு போலக் கணுத்தண்டு உள்ளது. வெயிலூருக்கு ஏற்றது. சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர்களில் ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் இதையே கொடுங்கள்.

பெலனாப்சிஸ்: அகன்ற இலையும் பட்டாம்பூச்சி போன்ற பூவும் கொண்டது. பூ இரண்டு மூன்று மாதம்கூட நிற்பதால் பரிசளிக்க விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் சுமார் 25 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த குளுமை சில வாரங்கள் தொடர்ந்து கிடைத்தால்தான் மறுபடி பூக்காம்பு தள்ளும். சமவெளியில் அடுத்த பூவுக்கு உறுதி சொல்லி விற்காதீர்கள்.

சிம்பிடியம்: குளிர்ப் பிரதேசச் செடி. ஊட்டி, கொடைக்கானலுக்குப் பொருந்தும். கீழே கொண்டுவந்தால் இலையோடு நின்றுவிடும்.

தொட்டியும் தண்ணீரும்

பக்கவாட்டிலும் துளை உள்ள தொட்டியே நல்லது. அதில் அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றைப் போட்டு நட வேண்டும். மண் ஒரு பிடிகூட வேண்டாம். மட்டைத் துண்டுகளை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். மட்டை மக்கிச் சேறுபோல் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேலை வரும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்குக் கடிகாரம் பார்க்க வேண்டாம். வேரைப் பாருங்கள். வெள்ளி நிறமாக வெளுத்திருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கோடையில் டென்ட்ரோபியத்துக்குத் தினமும் தேவைப்படலாம். மழைநாளில் பல நாள் விட்டுவிடலாம். ஊற்றுவது காலை நேரமாக இருக்கட்டும். பெலனாப்சிஸ் செடியின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்தே அழுகும்; தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

வெளிச்சமும் உரமும்

டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல் வலை சரியாக இருக்கும். பெலனாப்சிஸுக்கு அதைவிடக் கூடுதல் நிழல் வேண்டும். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் பலர் மகிழ்ந்து போகிறார்கள். அது வெளிச்சம் போதவில்லை என்பதன் அடையாளம், பூ வராது. இளம்பச்சை இலையே சரியானது. வெளுத்துக் கருகினால் வெயில் அதிகம்.

உரக்கடைகளில் கிடைக்கும், நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். அதிகம் போட்டால் வேர் கருகும். மாதம் ஒருமுறை வெறும் நல்ல தண்ணீரால் தொட்டியை அலசி உப்பை வெளியேற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைவிட மழைநீர் மேல். மாவுப்பூச்சி தெரிந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம்.

இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்தது என்று வெட்டிவிடாதீர்கள். செடிக்கு அது சேமிப்புக் கணக்கு மாதிரி. அதிலிருந்தே மறுபடி பூவும் வரலாம், குட்டிச் செடியும் வரலாம். குட்டிக்கு இரண்டு அங்குல வேர் வந்ததும் பிரித்துத் தனியே நடலாம்.

கடையில் வைத்திருக்கும்போது

விற்பவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நம் கடையில் சில தொட்டிகளில் மலராத மொட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தண்ணீர் சரி, வெளிச்சமும் சரி. காரணம், பக்கத்தில் தொங்கிய வாழைத்தார்! பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிவருகிறது. ஆர்க்கிட் மொட்டுக்கும் பூவுக்கும் அது ஆகாது. பழக்கடை, பழக்கிடங்கு அருகே ஆர்க்கிட் வைக்க வேண்டாம். ஏ.சி. காற்று நேரே படும் இடமும் கூடாது.

கொள்முதலில் கவனம்

1960இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஜார்ஜ் மோரெல், சிம்பிடியம் செடியின் குருத்து நுனியிலிருந்து ஆய்வுக்கூடத்தில் செடிகளைப் பெருக்கிக் காட்டினார். அந்த வழி வளர்ந்ததால்தான், செல்வந்தர் மாளிகையில் மட்டும் இருந்த செடி இன்று நம் கடைப் பலகைக்கு வந்திருக்கிறது. ஆகவே காட்டுச் செடிக்கு ஆசைப்பட வேண்டிய அவசியமே இல்லை. மலையிலிருந்து பிடுங்கி வந்ததை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். வனத்திலிருந்து எடுப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் வெளிநாட்டு வியாபாரத்துக்கும் உரிய அனுமதி வேண்டும். பில் தரும் நாற்றுப் பண்ணையில் மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது பூவைப் பார்க்கும் முன் வேரைப் பாருங்கள்: கெட்டியாக இருக்க வேண்டும்.

பில்லோடு ஒரு சீட்டு

இப்போது நம் கடையில் ஆர்க்கிட் வாங்குவோருக்குப் பில்லோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கிறோம். அதில் நான்கே வரிகள்: மண் போடாதீர்கள். வேர் வெளுத்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் வைக்காதீர்கள். பழைய தண்டை வெட்டாதீர்கள்.

சீட்டு அச்சடிக்க ஆன செலவு அற்பம். செத்த தொட்டியோடு வாசலுக்கு வருவோர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அந்த அம்மையாரும் மறுபடி வந்தார். இந்த முறை சண்டைக்கல்ல. மாற்றிக் கொடுத்த தொட்டி பூத்துவிட்டதாம், பக்கத்து வீட்டுக்கு ஒன்று வேண்டுமாம். சரக்கைத் தெரிந்து விற்றால் வாடிக்கையாளர் நிலைப்பார் என்பது எந்தச் சரக்குக்கும் பொருந்தும். உயிருள்ள சரக்குக்கு இன்னும் ஒரு படி கூடுதலாகவே பொருந்தும்.