யானை வாங்கலாம், தீனி?

காலையில் வாசலுக்கு வந்தால், நேற்று நிமிர்ந்து நின்ற கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய மெர்சிடீஸ் எஸ் கிளாஸ் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய காட்சியல்ல. இரும்பு ஸ்பிரிங்குகளுக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் வண்டி அது. பையின் ரப்பரில் வெடிப்பு விழுந்தால் இரவோடு இரவாகக் காற்று இறங்கிவிடும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால், காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் ஓய்வில்லாமல் உழைத்து உயிரை விடும். அப்போதுதான் வீட்டில் பேச்சு ஆரம்பமாகிறது: ரிப்பேர் செய்வதா, விற்றுத் தொலைப்பதா?

சாதாரண காருக்கு விடை சுலபம். காரின் விலையை ரிப்பேர் பில் நெருங்கினால் கைகழுவ வேண்டியதுதான். சொகுசு காரில் கணக்கு உதைக்கிறது. பத்து வருடத்தில் கார் ஒரு சின்ன மாருதியின் விலைக்கு இறங்கிவிடுகிறது. உதிரி பாகங்களோ பழைய அந்தஸ்தை விட்டு இறங்க மறுக்கின்றன. இன்ஷூரன்ஸை நம்பியும் பயனில்லை. ஐந்தாவது ஆண்டிலேயே காரின் காப்பீட்டு மதிப்பு பாதியாகிவிடுகிறது. விபத்தில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் போனால் சாதாரண பாலிசியில் பாதிப் பணம்தான். தேய்ந்து போனவற்றுக்கு அதுவும் கிடையாது.

என்ன வியாதி என்பதும் முக்கியம். காற்றுப் பையைத் துணிந்து மாற்றலாம். வேறு கம்பெனிகளின் தயாரிப்பு வெளிச்சந்தையில் கிடைக்கிறது. ஆனால் 2007 முதல் பல பிஎம்டபிள்யூ டீசல் கார்களில் வந்த என்47 எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினின் விலை பெரிதல்ல. அதைத் தொடுவதற்கு எஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்க வேண்டும் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். கரகர சத்தத்தை அலட்சியம் செய்து செயின் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினே போய்விடும். 1995இல் டெல்கோவுடன் சேர்ந்து மெர்சிடீஸ் புனேயில் பூட்டி இறக்கிய இ கிளாஸ் கார்கள் இந்த விஷயத்தில் சாது. எலக்ட்ரானிக்ஸ் குறைவு என்பதால் கைதேர்ந்த எந்த மெக்கானிக்கும் சமாளிப்பார். ஆனால் 20 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க, 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 10,000 ரூபாய். அது இறக்குமதி கார் என்றால் 80,000.

டெல்லியில் இன்னொரு தலைவலியும் உண்டு. மெக்கானிக் பிழைக்க வைத்தாலும் சட்டம் விடுவதில்லை. 10 வயதான டீசல் கார்கள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிகளுக்கு பங்குகளில் எரிபொருள் கிடையாது என்றதும் ஒரே கலவரம். 84 லட்சத்துக்கு வாங்கிய மெர்சிடீஸை இரண்டரை லட்சத்துக்குத் தள்ளிவிட்டதாக ஒருவர் புலம்பியது செய்தியானது. உருக்கப் போட்டிருந்தால் அதுவும் தேறியிருக்காது. பழைய இரும்புக் கடைத் தராசுக்கு மூக்கில் இருக்கும் நட்சத்திரம் தெரியாது.

சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ் 4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. டெல்லியில் அந்தத் தரம் வந்தது 2010இல். ஆக, ஜூலையில் செத்துப்போன 2012 மாடல் டீசல் கார் டிசம்பரில் மறுபடியும் ரிப்பேருக்குத் தகுதி பெற்றுவிட்டது. அவசரப்பட்டு விற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதியில்லை. நீதிமன்றம் தந்திருப்பது இடைக்காலப் பாதுகாப்புதான். பிரேக், டயர், காற்றுப் பை என்றால் மாற்றிவிட்டு ஓட்டலாம். கியர் பாக்ஸ் என்று மெக்கானிக் வாயைத் திறந்தால், சரி என்று சொல்வதற்கு முன்னால் கரோல்பாக் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் விலை விசாரித்துவிடுவது நல்லது.