வீடு மாறப்போறீங்களா? லாரி வர்றதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலைகள்!

"இருக்கிறதே நாலு சாமான். ரெண்டு மணி நேரத்துல கட்டிடலாம்!"

வீடு மாறும் எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். பரணில் கை வைத்த பிறகுதான் அந்த 'நாலு சாமான்' நாற்பது பெட்டி என்று தெரியும்.

மேற்கு மாம்பலத்திலிருந்து மேடவாக்கத்துக்கு முதல்முறை மாறியபோது எங்கள் வீட்டில் இதைச் சொன்னது நான்தான். முந்தைய நாள் ராத்திரி வரை கட்டி, காலையில் லாரி ஏற்றி, சாயங்காலம் இறக்கியும் விட்டோம். ராத்திரி 8 மணிக்கு மாமியார் கேட்டார், "என் இன்சுலினை எங்கம்மா வெச்சே?"

ஃப்ரிட்ஜைக் காலி செய்த அவசரத்தில் அது ஏதோ ஒரு பெட்டிக்குள் போயிருந்தது. 43 பெட்டிகள். ஒன்றின் மேலும் ஓர் எழுத்துகூட இல்லை. டாக்டர் சீட்டும் அவற்றில் ஏதோ ஒன்றில்தான். கடைசியில் பழைய ஏரியா மருந்துக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பில்லைக் காட்டி, கணவர் நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தார். அதுவரை மாமியார் சாப்பிடாமல் காத்திருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

லாரி வரும் நாளில் தூக்குவதும் இறக்குவதும் மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு முந்தைய 30 நாள்களில் முடிந்திருக்க வேண்டும். எப்படி?

30 நாள்களுக்கு முன்: பணமும் தேதியும்

முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். காலி செய்யும் தேதியை வாயால் சொன்னாலும், வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒருமுறை எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

"பழைய அட்வான்ஸை வாங்கி புது வீட்டுக்குக் கொடுத்துடலாம்" என்ற கணக்கு பெரும்பாலும் தப்பும். புது வீட்டுக்காரர் சாவி கொடுக்கும் முன் பணம் கேட்பார். பழைய வீட்டுக்காரர் சாவி வாங்கிய பிறகுதான் தருவார். வேறு ஆள் குடிவந்த பிறகு தருபவர்களும் உண்டு. நடுவில் சமாளிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். இன்னொன்று: 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் பேசும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

அடுத்து தேதி. ஆடி, மார்கழியில் பலர் மாற மாட்டார்கள். அதனால் அதற்கு முன்னும் பின்னும், பள்ளி விடுமுறையான மே மாதத்திலும் வண்டிக்குக் கிராக்கி. முகூர்த்த நாள், ஞாயிறு, மாதத்தின் முதல் தேதி மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல நாள் பார்ப்பவர்கள் அன்றைக்குப் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, வார நாள் ஒன்றில் சாமான்களைக் கொண்டுபோகலாம். பலரும் செய்வதுதான்.

20 நாள்களுக்கு முன்: கழிக்க வேண்டியது

பரணிலிருந்து ஆரம்பியுங்கள். போன முறை மாறியபோது கட்டிய கயிற்றோடு அப்படியே ஒரு பெட்டி இருந்தால், அது இல்லாமலே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடையாத பொருளைத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுங்கள். மிச்சம் பழைய இரும்புக் கடைக்கு.

ஆனால், பெரியவர்களின் பொருளை அவர்களைக் கேட்காமல் கழிக்காதீர்கள். உங்களுக்கு அது நசுங்கிய பித்தளைத் தூக்கு. அவருக்கு அது அவர் அம்மா கொடுத்த சீர்.

டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். வாசல், லிஃப்ட், மாடிப்படித் திருப்பம் மூன்றையும் அளந்து, கட்டில், பீரோ, சோபா அளவோடு ஒப்பிட்டால், அன்றைக்கு நடு மாடிப்படியில் பீரோவை நிறுத்திவைத்து முழிக்க வேண்டாம். இந்த மாதம் மளிகைச் சாமான் மொத்தமாக வாங்க வேண்டாம். இருப்பதைச் சமைத்துத் தீர்த்தால் பத்து டப்பா குறையும்.

15 நாள்களுக்கு முன்: காகித வேலைகள்

கேஸ்: அதே ஊரில் அதே ஏஜென்சி என்றால் முகவரி மாற்றினால் போதும். அதே ஊரில் ஏஜென்சி மாறினால் இணைப்பை மாற்றிக் கேட்க வேண்டும். சிலிண்டர், ரெகுலேட்டர் உங்களிடமே இருக்கலாம். வெளியூர் என்றால் இரண்டையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, அவர்கள் தரும் ஆவணத்தைப் பத்திரப்படுத்துங்கள். புது ஊரில் இணைப்பு வாங்க அது வேண்டும்.

கரன்ட்: நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் காலி செய்தால் யார் எவ்வளவு கட்டுவது என்று தகராறு வரும். கிளம்பும் நாளில் பழைய மீட்டரையும், நுழையும் நாளில் புது மீட்டரையும் போட்டோ எடுத்துவிடுங்கள். புது வீட்டு இணைப்பு எண்ணில் பழைய பாக்கி இருக்கிறதா என்றும் முன்பே பாருங்கள்.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கி முகவரிகளைக் குடிபோன பிறகு மாற்றிக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. தேர்தல் வரும்போது ஞாபகம் வந்தால் லேட்!

10 நாள்களுக்கு முன்: வண்டிக்காரர்

இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். போனில் "2 பெட்ரூம் வீடு" என்று மட்டும் சொல்லி வாங்கும் விலை நிலைக்காது. நேரிலோ வீடியோ காலிலோ சாமான்களைக் காட்டுங்கள். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, லாரி வாசல் வரை வருமா, கட்டில் கழற்றுவதற்குத் தனிக் காசா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். சாமான் ஏறிய பிறகு "இன்னும் கொடுத்தாத்தான் இறக்குவோம்" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். கையில் எழுத்து இருந்தால் பேச உங்களுக்கும் பலம். அப்பார்ட்மென்ட் என்றால் இரண்டு பக்கமும் அசோசியேஷனிடம் நேரம் கேட்டுவிடுங்கள்.

கட்டும்போது...

* எல்லாப் பெட்டிக்கும் எண் போடுங்கள். மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும். அடுக்கிவைத்தால் மேல்பக்கம் தெரியாது. ஒரு நோட்டில் 'பெட்டி 7: சமையலறை, தினசரிப் பாத்திரம்' என்று எழுதி, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுங்கள்.

* புத்தகம் சின்னப் பெட்டியில், தலையணை பெரிய பெட்டியில். மாற்றிவைத்தால் அடி பிய்ந்து புத்தகம் தெருவில்தான்.

* ஃப்ரிட்ஜை முந்தைய நாளே நிறுத்தி, தண்ணீர் வடிய விட்டுத் துடைத்துவிடுங்கள். நிமிர்த்திவைத்தே கொண்டுபோங்கள். இறக்கியதும் சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் பொறுங்கள்.

* முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது கழற்றிக் கொடுத்த டிரான்ஸிட் போல்ட்டுகளைத் தேடி மாட்டுங்கள். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்கக் கூடாது.

* டி.வி-யின் ஒயர்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தை ஒரு படம் எடுங்கள். திருப்பி மாட்டும்போது மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

லாரியில் ஏறாத பை!

இதுதான் முக்கியம். நகை, பத்திரம், சான்றிதழ், பணம், இவற்றோடு வீட்டில் எல்லோருடைய மருந்தும் டாக்டர் சீட்டும் ஒரே பையில் உங்கள் கையில் இருக்க வேண்டும். மூன்று நாளைக்கான மாத்திரையை எண்ணி வையுங்கள். இன்சுலினைக் குளிர்ச்சியான பையில், ஐஸ் நேரடியாகப் படாமல் எடுத்துப்போங்கள். உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு பையில் முதல் ராத்திரிக்கானவை: ஆளுக்கு ஒரு செட் துணி, போர்வை, சார்ஜர், டார்ச், கத்தரிக்கோல், வாளி, சோப்பு, பால் பாத்திரம், காபித் தூள், சர்க்கரை. குழந்தை இருந்தால் அது கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையும். அதைப் பெட்டியில் போட்டீர்களோ, ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை.

அந்த நாளில்...

ஒருவர் பழைய வீட்டில் கடைசிவரை இருக்க, இன்னொருவர் புது வீட்டில் முதலில் போய் நிற்க வேண்டும். தொட்டியில் தண்ணீர், மோட்டார், கரன்ட் மூன்றையும் அவர் பார்த்துவிடட்டும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓர் அறையை முதலில் ஒழித்து, மின்விசிறி ஓட விட்டு, படுக்கை விரித்துவிடுங்கள். மற்ற அறைகள் மெதுவாக ஆகட்டும். காலி வீட்டை, சுவர், குழாய், கதவு என ஒரு வீடியோ எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் பேசும்போது அது உதவும்.

இந்த மே மாதம் மறுபடியும் மாறினோம். இந்த முறை "நாலு சாமான்" என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டோவில் மாமியார் மடியில் அந்த மருந்துப் பையை வைத்துக்கொண்டு, இறங்கும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை. ராத்திரி 8 மணிக்கு அவருக்கு ஊசி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. மறுநாள் காலையில் தேட வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்... பெட்டி நம்பர் எழுதிய நோட்டு. நல்லவேளை, போனில் படம் இருந்தது!