சிக்னல் இருக்கு, கால் போகலை: ஏன்?

மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாள். கூட்டத்தில் பிரிந்துபோன தம்பியைக் கூப்பிடுகிறீர்கள். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கின்றன. கால் மட்டும் போகவில்லை.

போனில் கோளாறா? இல்லை. டவரின் அலை உங்களை எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதை மட்டுமே அந்தக் கோடுகள் சொல்லும். டவரில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அதென்ன இடம்? 2ஜியில் கணக்குப் போட்டால் எளிதில் புரியும். கம்பெனிக்குக் கிடைத்த அலைக்கற்றையை (பேச்சும் தகவலும் போகும் ரேடியோ அலைகளின் தொகுப்பு) 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள கேரியர்களாகப் பிரிப்பார்கள். ஒரு கேரியரில் எட்டுப் பேர் முறைவைத்துப் பேசலாம். முறை மாறும் வேகத்தில் இடைவெளி காதுக்குத் தெரியாது. டவரின் ஒரு பக்கத்துக்கு இரண்டு கேரியர் என்றால் 16 இடம். டவரின் சொந்த வேலைக்கு இரண்டை எடுத்துவிட்டால் மிச்சம் 14. பதினைந்தாவதாகக் கூப்பிடுகிறவர் நீங்கள் என்றால் காத்திருக்க வேண்டியதுதான். நெரிசலில் ஒரே இடத்தை இருவருக்குப் பங்குபோடும் வசதியும் உண்டு. குரலின் தரம்தான் குறையும்.

கேரியரை அள்ளிக் கொடுத்தால் என்ன? அடுத்தடுத்த தெருக்களில் இரண்டு ஒலிபெருக்கி அலறினால் எந்தப் பாட்டும் கேட்காதல்லவா? அப்படித்தான், பக்கத்து டவர்கள் ஒரே கேரியரில் பேசினால் இரண்டும் கெடும். அதனால் கொஞ்சம் தள்ளியிருக்கும் டவருக்குத்தான் அதே கேரியரை மறுபடி கொடுக்க முடியும். ஒவ்வொரு டவரின் எல்லையையும் சுருக்கி, டவர்களைக் கூட்டினால் அதே அலைக்கற்றை அதிகம் பேருக்கு வரும். திருவிழாக்களில் வண்டியில் நடமாடும் டவரைக் கொண்டுவந்து நிறுத்துவது இதற்காகத்தான்.

4ஜியில் கதை வேறு. பக்கத்து டவர்களும் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் இயங்கும். யாருக்கு எந்தத் துண்டு என்பதை டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் புதிதாக முடிவுசெய்யும். கூட்டம் ஏற ஏற ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். வோல்ட்இ (4ஜி வழியே போகும் குரல் அழைப்பு) மட்டும் முன்னுரிமையோடு போகும். இரண்டு டவர்களின் எல்லையில் நிற்பவருக்கு வேகம் குறைவதும் இந்த ஒரே அலைவரிசையால்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? விடாமல் ரீடயல் அடிக்காதீர்கள். கூட்டம் மொத்தமும் அதையே செய்தால், இடம் கேட்டுப் போகும் கோரிக்கைகளே ஒன்றோடொன்று மோதிக் கெடும். ஒரு நிமிடம் விட்டுக் கூப்பிடுங்கள். அதற்குள் ஓர் எஸ்எம்எஸ் தட்டிவிடுங்கள்; அதற்குப் பேச்சுக்கான இடம் தேவையில்லை என்பதால் நழுவிப் போய்விட வாய்ப்பு அதிகம். நாலு தெரு தள்ளி நடந்தால் டவரின் வேறொரு பக்கமோ, வேறு டவரோ உங்களை ஏற்றுக்கொள்ளலாம். வைஃபை இருக்கும் கடையில் நின்றால், வைஃபை காலிங் வசதியை ஆன் செய்யுங்கள். டவர் நெரிசலே உங்களைத் தொடாது.

உயிர் போகிற அவசரமா? 112-ஐ அழையுங்கள். உங்கள் கம்பெனியின் டவர் எட்டாவிட்டாலும், எட்டுகிற வேறு கம்பெனியின் டவர் வழியாக அந்த அழைப்பு போகும்.