விழித்திரைப் படம் யாருக்குச் சொந்தம்?

சர்க்கரை நோயாளியின் விழித்திரையைச் சிறு கேமரா ஒன்று படமெடுக்கிறது. பாதிப்பு உண்டா இல்லையா என்பதை மென்பொருள் உடனே சொல்லிவிடுகிறது. கண் மருத்துவர் இல்லாத ஊருக்கு இது வரம்தான். ஆனால், இதில் எதை ஒரு நிறுவனம் 20 ஆண்டுகளுக்குத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள முடியும்? கேமராவின் புதிய அமைப்புக்குக் காப்புரிமை கிடைக்கலாம். எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை இல்லை என்கிறது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. நோயறியும் முறைக்கும் இல்லை என்கிறது 3(ஐ).

வேலி இருக்கிறது, ஆனால் அதில் இடுக்குகளும் இருக்கின்றன. தொழில்நுட்ப விளைவைக் காட்டும் கண்டுபிடிப்பை, நிரல் சார்ந்தது என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது என்று ஃபெரித் அலானி வழக்கில் 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. உடலுக்கு வெளியே நடக்கும் பரிசோதனையும் 3(ஐ)-இல் அடங்கும், ஆனால் தன்னளவில் நோயைக் கண்டறியாத முறை அடங்காது என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, ‘நோயறியும் முறை’ என்று கேட்டால் மறுக்கப்படக்கூடியது, ‘படத்தைச் செயலாக்கும் அமைப்பு’ என்று எழுதப்பட்டால் தப்பிவிடலாம். அப்படி அகலமான உரிமை ஒன்று கிடைத்துவிட்டால், மலிவான மாற்று மென்பொருளை உருவாக்குபவர் மீது வழக்குப் பாயும். அந்தச் செலவு கடைசியில் நோயாளியின் தலையில்தான் விழும்.

இதற்குப் பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் வழக்கமாக 18 மாதங்களில் வெளியிடப்படும். அதன் பிறகு, காப்புரிமை வழங்கப்படும்வரை யார் வேண்டுமானாலும் 25(1) பிரிவின் கீழ் எதிர்ப்பு மனு தரலாம். வழங்கிய பிறகும் ஓராண்டுக்குள், அதில் நலன் உள்ளவர்கள் எதிர்க்கலாம். காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசன், ஃபுமேசா டிசிலே இருவரும் இவற்றில் முதல் வழியில்தான் பெடாகுயிலின் மருந்தின் ஏகபோகத்தை நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்தார்கள். 2023-இல் அது நிராகரிக்கப்பட்டது.

காப்புரிமை இல்லாவிட்டால் யார் பணம் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. கருவிக்கும் உண்மையான தொழில்நுட்ப முன்னேற்றத்துக்கும் சட்டம் கதவை அடைக்கவில்லை. படத்தைப் பார்த்து நோயை ஊகிக்கும் அறிவைத்தான் பொதுவில் வைக்கிறது. எதிர்ப்பு மனுக்கள் இழுத்தடிக்கத்தானே பயன்படுகின்றன என்பாரும் உண்டு. அதற்காகத்தான் 2024-ஆம் ஆண்டுக் காப்புரிமைத் திருத்த விதிகள் மனுவுக்குக் கட்டணத்தையும் முதற்கட்டப் பரிசீலனையையும் கொண்டுவந்தன. கட்டணம் நோயாளி அமைப்புகளுக்குச் சுமைதான். ஆனாலும் உரிமை வழங்கப்பட்ட பிறகு நீதிமன்றத்தில் போராடும் செலவோடு ஒப்பிட்டால், விண்ணப்பத்தின் உரிமைக்கோரல் பகுதியை நேரத்தில் படித்து எதிர்ப்பதே சிக்கனம்.