கம்ப்யூட்டர் திரையும் கல்லா மேசைதான்



காலையில் கடை திறந்ததும் தராசைத் துடைக்கிறோம்; கல்லாவைச் சரிபார்க்கிறோம்; சிட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறோம். அரிசி மூட்டையைக் கல்லா மேசைமேல் எவரும் ஏற்றுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் மட்டும் இந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம். நாங்களும் மறந்தோம், அதற்கு விலையும் கொடுத்தோம்.

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையில் எங்கள் மளிகைக் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். பில் போட மட்டும் பழகினோம். பற்று வரவு, கொள்முதல் பில், விலைப் பட்டியல் எல்லாவற்றையும் டெஸ்க்டாப் எனப்படும் முகப்புத் திரையிலேயே போட்டு வைத்தோம். ஒருநாள் மெஷின் மக்கர் செய்தது. பழுது பார்க்க வந்தவர் 'ஃபார்மட்' செய்து, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். திரை பளிச்சென்று இருந்தது. ஆறு மாதப் பற்று வரவைக் காணோம்!

"டி டிரைவை நான் தொடவே இல்லை. திரையில் வைத்ததெல்லாம் சி டிரைவில்தான் இருக்கும், அதோடு போய்விட்டது" என்றார் அவர். வாடிக்கையாளர்களின் நாணயத்தை நம்பி, அவர்கள் சொன்ன பாக்கியை எழுதிக்கொண்டோம். சொல்லாமல் விட்டவர்களும் உண்டு.

அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டவை இவை:

சரக்கு குடோனில், சாவி மேசையில்: டி டிரைவில் 'கடைக் கணக்கு' என்று ஒரு ஃபோல்டர் திறந்து எல்லாவற்றையும் அதில் வையுங்கள். அதன்மேல் ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டூ', 'டெஸ்க்டாப்' என்று கொடுத்தால் திரையில் ஒரு ஷார்ட்கட் வரும். விண்டோஸ் 11 ஆனால் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அமுக்க வேண்டும். ஷார்ட்கட் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அம்புக்குறி உள்ளதை அழித்தால் சாவிதான் போகும். இல்லாததை அழித்தால் சரக்கே போகும். தவறி அழித்ததை 'ரீசைக்கிள் பின்' திறந்து 'ரீஸ்டோர்' கொடுத்து மீட்கலாம். ஷிஃப்ட் பொத்தானோடு அழித்தது அங்கே போகாது.

ஹார்ட் டிஸ்க்கே கெட்டால் டி டிரைவும் போகும். ஆகவே வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.

எழுத்தின் அளவு: திரையின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போய், 'ஸ்கேல்' என்பதை 125 சதவீதம் ஆக்குங்கள். கண்ணாடி போட்ட அண்ணாச்சிகளுக்கும் 6 எது, 8 எது என்று தெரியும்.

தேதி: செட்டிங்ஸில் 'ரீஜனல் ஃபார்மட்' என்ற இடத்தில் 'இங்கிலீஷ் (இந்தியா)' இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க முறை இருந்தால் ஏப்ரல் 3ஆம் தேதியை 4/3 என்று காட்டும். நாம் அதை மார்ச் 4 என்று படிப்போம். புதுக் கணக்கு ஆண்டின் பில் பழைய ஆண்டில் போய் விழும். இந்திய முறைக்கு மாற்றினால் லட்சமும் 1,00,000 என்று நம் வழக்கப்படி வரும்.

பூட்டு: பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் திரை பூட்டிக்கொள்ளும். கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவோமா?

படம்: சுவாமி படமோ, அப்பா படமோ வைப்பது அவரவர் விருப்பம். ஷார்ட்கட்டுகள் முகத்தை மறைக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தால் போதும். நாங்கள் ஐந்தே ஷார்ட்கட் வைத்திருக்கிறோம்; தேடும் வேலை இல்லை.

இன்றிரவு கடை சாத்துமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். திரையில் அம்புக்குறி இல்லாத கணக்குகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை இன்றே குடோனுக்கு மாற்றுங்கள். நாங்கள் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம்.