செங்கல்லில் எழுந்த ரீம்ஸ்

இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் ஆலயம் பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்துக்கு நகல்தானே, அதில் நமக்கென்ன பெருமை என்று காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரைக்குப் பக்கத்தில், 1894இல் பிரெஞ்சுத் துறவி பெர்டினாண்ட் செல் எழுப்பிய கோயில் அது. கூர்வளைவு கோத்திக் பாணிக் கட்டடங்களுக்குப் பொது. இங்கே கவனிக்க வேண்டியது கட்டுமானப் பொருள். 1211இல் தொடங்கப்பட்ட ரீம்ஸ் கல்லால் ஆனது. இடைக்காட்டூரோ செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்.

கல்லில் வேலை செய்பவர் பிசகினால் இன்னும் கொஞ்சம் செதுக்கிச் சரிசெய்யலாம். சுட்ட செங்கல்லில் அது நடக்காது. வெந்து இறுகிய மேல்தோலை உளி உடைத்தால் உள்ளே ஈரம் இறங்கும். ஆகவே தூணின் உருளை, சன்னல் விளிம்பின் குழிவு, வளைவின் சரிவு எல்லாம் பச்சை மண்ணிலேயே முடிவாக வேண்டும். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதால், அந்த அளவு கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். இந்தக் கோயிலுக்கு இப்படிச் சுமார் 200 வகைச் செங்கல்லும் ஓடும் வார்த்ததாகச் சொல்கிறார்கள். பார்த்து எழுதுவது நகல். இது புதிதாகக் கணக்குப் போட்டு விடை கண்ட வேலை.

வடிவம் அயலாருடையதுதானே என்று மறுக்கலாம். அதற்கு ரீம்ஸின் கதையையே பாருங்கள். 1914இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் ரீம்ஸின் மரக்கூரை எரிந்துபோனது. கட்டடக் கலைஞர் ஆன்ரி தெனு அதைக் கான்கிரீட்டில் மீட்டெடுக்க, 1938இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. பொருள் மாறியதால் அதைப் போலி என்று யாரும் ஒதுக்கவில்லை; 1991இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்ட செட்டிநாட்டு வீட்டை நம்முடையது என்கிறோமே, அந்த நியாயம் இடைக்காட்டூருக்கும் பொருந்தும்.

உண்மையான ஆபத்து பராமரிப்பு என்ற பெயரில் வருகிறது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். அச்சு இல்லாதபோது உதிர்ந்த ஒரு செங்கல்லுக்குக்கூட மாற்றுக் கிடைக்காது. சிமென்டில் பூசுவது சுலபம், செலவும் குறைவு என்பார்கள். சில மழைக்காலம் கழித்து அந்தச் செலவு இரட்டிப்பாகத் திரும்பி வரும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். கோயிலானாலும் வீடானாலும், பழைய சுவரில் கைவைக்கும் முன் அவர்களை அழைத்துக் கேளுங்கள்.