இரவில் மாறிவிடும் பெட்டி

மெஷ் வைஃபை வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், வேகத்தைப் பார்க்கிறார்கள். அதன் ஆயுள் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு.

புனேயிலிருந்து லோணாவளா போகும் மின்ரயிலில் ஏறி தேஹு ரோட்டில் இறங்கினால், கடைவீதியில் மராத்தியோடு தமிழும் காதில் விழும். துக்காராம் பிறந்த தேஹு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ராணுவக் கிடங்கு அதைவிடப் பக்கம். கிடங்கு வேலையை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று ஹிஞ்சவாடியின் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். வாரத்தில் சில நாள் அந்த வேலை வீட்டிலிருந்தே நடக்கிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

இந்த ஊரில் பார்த்துப் பழகிய மாதிரியான வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முன்னறை தாத்தா கட்டியது. பின்கட்டு அப்பா சேர்த்தது. பி.எஃப். பணம் வந்தபோது மாடியில் ஓர் அறை எழும்பியது, மேலே ‘பத்ரா’ என்று மராத்தியில் சொல்கிற தகரக் கூரையோடு. ஃபைபர் கம்பி வந்து நிற்பதோ முன்னறை டி.வி.க்குப் பக்கத்தில். அங்கிருந்து கிளம்பும் வைஃபை அலை முக்கால் அடிச் சுவர் இரண்டையும், ஒரு இரும்பு பீரோவையும், ஒரு கான்கிரீட் தளத்தையும் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும். போய்ச் சேரும்போது உயிர் இருக்காது.

கண்டோன்மென்ட் ஊர் என்பதால், “மிலிட்டரிக்காரன் ஜாமர் போட்டிருப்பான்” என்று பழியைத் தூக்கி ராணுவத்தின் மேல் போடுவது சுலபம். பெரும்பாலும் குற்றவாளி பீரோதான்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் மெஷ். ஒரு பெட்டிக்குப் பதில் மூன்று: முன்னறையில் தலைமைப் பெட்டி, மாடிப்படி அருகே ஒன்று, மாடியில் ஒன்று. மூன்றும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் இயங்கும். பந்தியில் சாம்பார் வாளி கைமாறுவது போலத் தகவல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிந்தும். ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் மலிவு விலைப் பெட்டிகளில் ஒரு தாவலுக்கு வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனாலும் மாடியில் வீடியோ அழைப்பு கிடைக்கிறது. வீடு நிம்மதியாகிறது.

ஒரு காலை வரை. முந்தைய இரவு நன்றாக இருந்த மாடிப் பெட்டியில் சிவப்பு விளக்கு. கீழே எல்லாம் சரி. கேமரா வேலை செய்யவில்லை, பிரின்டர் காணாமல் போய்விட்டது. யாரும் எதையும் தொடவில்லை. நடந்தது இதுதான்: எல்லோரும் தூங்கிய நேரத்தில் பெட்டி தன் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொண்டு புதிய ஃபர்ம்வேரை இறக்கிக்கொண்டு, தன்னைத்தானே நிறுத்தி, மறுபடி கிளம்பியிருக்கிறது.

ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் இயக்கு நிரல். எந்த அலைவரிசையில் பேசுவது, யாரை உள்ளே விடுவது, மற்றப் பெட்டிகளோடு எப்படிக் கைகோப்பது எல்லாம் அதன் தீர்மானம். மெஷ்ஷில் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. மூன்று பெட்டிகளும் ஒத்துப்போகும் பதிப்புகளில் இருக்க வேண்டும். தலைமைப் பெட்டி மட்டும் முன்னே போய்விட்டால் துணைப் பெட்டி திகைத்து நிற்கும். கையால் அப்டேட் செய்யும்போது துணைப் பெட்டிகளை முதலில் முடித்துவிட்டுத் தலைமைப் பெட்டிக்கு வரும்படி சில தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

கேமரா நின்றுபோன காரணம் வேறு. வீட்டிலுள்ள மலிவு பல்புகளும் கேமராக்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. புதிய ஃபர்ம்வேர் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 முறைக்கு உயர்த்திவிட்டால் அவற்றுக்கு மொழியே புரியாது.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு கதை இருக்கிறது. இந்தியாவில் அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 2018 அக்டோபரில்தான் அரசு உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. ஆனால் இந்த வீச்சின் நடுப்பகுதியில் ராடாரும் குடியிருக்கிறது. அங்கே ராடார் ஒலி கேட்டதாகத் தோன்றினாலும் போதும், வைஃபை பெட்டி உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அப்படிப்பட்ட சேனலில் புதிதாக நுழையும் முன் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா இருந்து காது கொடுக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பின் பெட்டி அந்தச் சேனலைத் தேர்ந்துகொண்டால், மாடியில் இருப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் மீட்டிங்கின் நட்டநடுவில் வரும்.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2017 பிப்ரவரியில் கூகுளின் கணக்குச் சரிபார்ப்பில் ஏற்பட்ட கோளாறால் உலகம் முழுவதும் பல கூகுள் வைஃபை, ஆன்ஹப் பெட்டிகள் தாமாகவே அமைப்புகளை எல்லாம் அழித்துக்கொண்டு, கடையிலிருந்து வந்த நாள் நிலைக்குத் திரும்பின. வாங்கியவர்கள் முதலிலிருந்து அமைக்க வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா நின்ற பெட்டியின் நினைவு, எங்கோ ஒரு சர்வரின் தடுமாற்றத்தில் போயிற்று.

பிறகென்ன, அப்டேட்டையே அணைத்துவிடலாமே? பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அணைத்தவர்களின் கதை இன்னும் மோசம். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் ஒரு தாக்குதலில் தடுமாறி விழுந்தன. அவற்றை எழுப்பி நிறுத்தியது அவசரமாக வந்த ஃபர்ம்வேர் அப்டேட். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு தீநிரல் முடக்கியது. சிக்கியவை, தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டுவைத்த மோடம்கள். அதே ஆண்டு அக்டோபரில், வைஃபையின் டபிள்யூபிஏ2 பூட்டிலேயே ஓட்டை இருப்பதைப் பெல்ஜிய ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் வெளியிட்டார். அதற்கும் மருந்து அப்டேட்தான்.

மருந்து வரும் வழியிலேயே விஷமும் வரலாம். 2023 அக்டோபர் 25 முதல் 27 வரை, 72 மணி நேரத்துக்குள், அமெரிக்காவில் ஒரே இணைய நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் நிரந்தரமாகச் செத்துப்போயின. உள்ளே புகுந்த தீநிரல் ஃபர்ம்வேரையே கெடுத்துவிட்டது என்று லூமென் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024 மே மாதம் அறிவித்தார்கள். பெட்டிகளைத் தூக்கியெறிந்து புதியவை தருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தேஹு ரோட்டில் இதோடு இன்னொரு தலைவலியும் சேர்கிறது: மின்சாரம். புனே வட்டாரத்தில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படுவது வழக்கமாக வியாழக்கிழமை. “லைட் கேலி” என்ற குரல் தெருவில் கேட்கும் நாள். ஃபர்ம்வேர் எழுதப்படும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்ட் போனால் பெட்டி பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடக்கூடும். நல்ல பெட்டிகள் பழைய பிரதியை ஒரு மூலையில் வைத்திருந்து அதிலிருந்து எழுந்துவிடும். மற்றவை செங்கல்தான். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். இங்கே ஆடம்பரம் அல்ல.

பெட்டியை ரீசெட் செய்தால் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. குண்டூசியால் குத்துவதற்கு முன் ஃபைபர் கம்பெனி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது போனால் கீழே ஓடிக்கொண்டிருந்த நெட்டும் போகலாம். மேலும், ஃபைபர் கம்பெனியின் பெட்டியே ஒரு ரவுட்டர். ரீசெட்டுக்குப் பின் மெஷ்ஷும் தன்னை ரவுட்டர் என்றே நினைத்துக்கொண்டால் வீட்டில் இரண்டு எஜமானர்கள். ஒன்றின் கீழ் பிரின்டர், மற்றதன் கீழ் லேப்டாப். இரண்டும் பேசிக்கொள்ளாது.

பழைய பதிப்புக்கே திரும்பலாமா என்றால், பல தயாரிப்பாளர்கள் அந்தக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள். பழைய ஓட்டை மறுபடி திறக்கும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். நியாயம்தான். ஆனால் புதியதில் மாடிப் பெட்டி சாகிறது என்றால், காசு கொடுத்து வாங்கியவர் கம்பெனி மனம் வைக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அட்டைப்பெட்டியில் அச்சாகவே இல்லை: இந்தப் பெட்டிக்கு எந்த ஆண்டு வரை அப்டேட் வரும்? மாத்திரை அட்டையில் காலாவதி தேதி உண்டு. இட்லி மாவு பாக்கெட்டிலும் உண்டு. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ரவுட்டரில் பொதுவாக இருப்பதில்லை. அப்டேட் நின்ற பின்னும் விளக்கு எரியும், நெட் ஓடும். ஓட்டை மட்டும் அடைபடாது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களை விற்பவர், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று அறிவித்தாக வேண்டும். சுலபமாக ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு விற்கவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் அமலாகின்றன. பொருளின் ஆயுள் அதைவிடக் குறைவு என்றாலொழிய, ஐந்தாண்டு ஆதரவு கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டி.இ.சி. 2021இல் இதே கருத்துகளோடு ஒரு நடைமுறைக் கையேட்டை வெளியிட்டது. அது வழிகாட்டுதலாக வந்தது, கட்டளையாக அல்ல.

மாடி அறையில் அந்தக் காலை ஒருவழியாக முடிகிறது. துணைப் பெட்டியைத் தலைமைப் பெட்டியின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து, அதே பதிப்புக்கு ஏற்றி, திரும்ப மேலே தூக்கிப் போகிறார்கள். பீரோவையும் இரண்டடி நகர்த்தியாயிற்று. கேமராவுக்கு மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தனிப் பெயர் ஒன்று. ஆப்பில் தானியங்கி அப்டேட் அணையாமல் இருக்கிறது. பழைய பாஸ்வேர்டு எழுதிய காகிதம் கிடைத்தபாடில்லை. ரேஷன் கார்டு இருக்கும் டிரங்குப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.